என்ஜினில் கரி படிந்தால்: திராட்டில் பாடியை நாமே சுத்தம் செய்வது எப்படி?

சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குகிறது, ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது என்றால் உடனே பெட்ரோலைத்தான் திட்டுவோம். அது பாதிதான் உண்மை. மட்டமான பெட்ரோலால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் முனையிலும் வால்வின் பின்பக்கத்திலும் கரி படியும். திராட்டில் பாடியில், அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பகுதியில், இருக்கும் கரி வேறு. பெட்ரோல் அதைத் தாண்டித்தான் தெளிக்கப்படுகிறது. அங்கே ஒட்டுவது என்ஜினிலிருந்து திரும்பி வரும் ஆயில் ஆவி.

1. முதலில் பெட்ரோல். பங்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். அதை இலவசமாகத் தர வேண்டும், தயங்காதீர்கள். நாசிலைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிடும். கருமையான கறை நின்றால் கலப்படமாக இருக்கலாம். லேசான இளஞ்சிவப்பு மட்டும் இருந்தால் பயம் வேண்டாம், அது சாயம்.

விலை கூடின 95, 100 ஆக்டேன் பெட்ரோல் கரியை எடுக்கும் என்று நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள். ஆக்டேன் என்பது நாக்கிங்கை (பெட்ரோல் நேரம் தவறி எரிந்து என்ஜின் தட்டுவதை) தாங்கும் திறன். கரியைக் குறைப்பது பெட்ரோலில் சேர்க்கும் டிடர்ஜென்ட்.

2. கழற்றுவது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி இழுத்தால் திராட்டில் பாடியின் வட்டமான தகடு தெரியும். சென்சார் ஒயர் இருந்தால் அதன் பிளக்கை முதலில் எடுத்துவிடுங்கள்.

3. துடைப்பது. இங்கேதான் அவசரம் கூடாது. திராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள், நேராக உள்ளே பீய்ச்ச வேண்டாம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், தகட்டின் மேல்பூச்சு போய்விடும். கரி அதிகம் சேருவது விளிம்பில்தான். கேபிள் வைத்த பழைய வண்டியில் தகட்டை விரலால் மெல்லத் திறந்து பின்பக்கத்தையும் துடைக்கலாம். எலக்ட்ரானிக் திராட்டிலில் தகட்டைத் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் கெட்டுப்போகலாம். முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காற்றை அளக்கும் சென்சார் மேல் இந்த கிளீனர் படவே கூடாது.

4. மாட்டி ஸ்டார்ட் செய்வது. முதலில் ஐடில், அதாவது வண்டி நிற்கும்போது என்ஜின் சுற்றும் வேகம், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். சில வண்டிகளில் தானாகவே சரியாகிவிடும். இறங்காவிட்டால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய் ரீசெட் செய்ய வேண்டும்.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் இன்னொரு விஷயம். அதில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால், டேங்கில் ஊற்றும் கிளீனர் இன்டேக் வால்வின் பின்பக்கத்தைத் தொடாது. அந்தக் கரியை எடுக்க மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயை) கழற்றி வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சுவார்கள். அது ஒர்க்‌ஷாப் வேலை.