பழைய ஸ்பீக்கரை மைக்காக மாற்றுவது எப்படி

மேடையில் பயன்படும் டைனமிக் மைக்கும் வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரும் அடிப்படை அமைப்பில் ஒன்றே. இரண்டிலும் நிலைக்காந்தத்தின் குறுகிய இடைவெளியில் ஒரு கம்பிச் சுருளும், அதனோடு ஒட்டப்பட்ட மெல்லிய திரையும் உண்டு. சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தினால் திரை அசைந்து ஒலி எழுகிறது. மாறாக, ஒலி வந்து திரையை அசைத்தால், மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. ஆகவே மைக் வேலை செய்யும் விதத்தை அறிய விலையுயர்ந்த மைக்கைப் பிரிக்க வேண்டியதில்லை. 3 அல்லது 4 அங்குலத்தில் பழைய 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று போதும்.

முதலில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சுருள் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் மீட்டர் பெரும்பாலும் 6 அல்லது 7 ஓம்தான் காட்டும். அச்சிட்ட எண் மாறுதிசை மின்னோட்டத்துக்கானது என்பதால் இது பழுதன்று.

அடுத்து மீட்டரை நேர்திசை (DC) மின்னழுத்தத்தின் மிகக் குறைந்த மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றி, சிவப்பு முனையை ஸ்பீக்கரின் கூட்டல் முனையில் இணைத்து, காகிதக் கூம்பை விரல்களால் சீராக அழுத்துங்கள். எண் ஒரு கணம் கழித்தல் பக்கம் போகும். விரலை எடுத்தால் கூட்டல் பக்கம் வரும். அழுத்தியபடியே அசையாமல் வைத்திருந்தால் சுழியத்தில் நின்றுவிடும். இந்தச் சுழியத்தைத்தான் கவனிக்க வேண்டும். சுருள் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தன்று, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைப் பொறுத்தே மின்னழுத்தம் அமைகிறது. காந்தப்புலத்தின் வலிமை, கம்பியின் நீளம், நகரும் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கலே அதன் அளவு. டிஜிட்டல் மீட்டர் நொடிக்குச் சில முறை மட்டுமே அளப்பதால், எண் தென்படாவிட்டால் மீண்டும் மீண்டும் அழுத்திப் பாருங்கள்.

இனி ஒலியைக் கேட்கலாம். ஷீல்டு வயரின் உட்கம்பியை ஸ்பீக்கரின் கூட்டல் முனையிலும் வெளிப்பின்னலை மறு முனையிலும் பற்றவைத்து, மறுகோடியை ஆம்ப்ளிஃபயரின் மைக் உள்ளீட்டில் செருகுங்கள். பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரில் இணைப்பதாயின், அதில் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் (சில வகை மைக்குகளுக்கு மைக் கம்பி வழியாகவே அனுப்பப்படும் மின்சாரம்) இருந்தால், செருகுவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். இத்தகைய இரு கம்பி இணைப்பில் அது சுருளின் வழியாகவே பாயக்கூடும். ஒலியளவைக் குறைவில் தொடங்கி மெல்ல உயர்த்துவது நல்லது. இல்லையெனில் காதைப் பிளக்கும் ஊளைதான் முதலில் கேட்கும்.

பேசினால் குரல் தெளிவாகவே புரியும். பல இன்டர்காம் பெட்டிகளில் ஒரே ஸ்பீக்கர்தான் பேசவும் கேட்கவும் பயன்படுகிறது. ஆனால் குரல் சற்று மந்தமாக ஒலிக்கும். காரணம் கூம்பின் எடை: நொடிக்குப் பல ஆயிரம் முறை அதிரும் உயர்ந்த ஒலிகளுக்கு ஈடுகொடுத்து அந்தக் கனமான காகிதம் அசைவதில்லை. மைக்கில் அதற்காகவே மெல்லிய பிளாஸ்டிக் திரையும், மிக நுண்ணிய கம்பியைப் பல சுற்றுகள் சுற்றிய இலேசான சுருளும் வைக்கப்படுகின்றன. அப்படியும் கிடைக்கும் மின்னழுத்தம் சொற்பமே. 1966 முதல் விற்பனையில் உள்ள ஷ்யூர் எஸ்எம்58 மைக், 1 பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு, அதாவது வாய்க்கு அருகே வைத்துப் பேசும் அளவுக்கு, சுமார் 1.85 மில்லிவோல்ட் தருகிறது. மிக்சரின் வழக்கமான 1.23 வோல்ட் அளவை எட்ட, அதை 600 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும்.

உங்கள் ஸ்பீக்கரின் ஒலி மிகத் தணிந்திருந்தால், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி இணையுங்கள். 8 ஓம் பக்கம் ஸ்பீக்கருக்கும் மறுபக்கம் ஆம்ப்ளிஃபயருக்கும் செல்லட்டும். உறுமல் கேட்டால் மின்வழங்கிகளிலிருந்து தள்ளி வையுங்கள், ஏனெனில் அவற்றின் மாறும் காந்தப்புலமும் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். வேறொரு மைக்குடன் சேர்த்துப் பயன்படுத்துவதாயின் ஸ்பீக்கரின் இரு முனைகளையும் மாற்றிப் பற்றவையுங்கள்: ஒலியழுத்தம் திரையை உள்ளே தள்ளும்போது மைக் கூட்டல் மின்னழுத்தம் தர வேண்டும் என்பது நியமம், ஸ்பீக்கரோ, மீட்டரில் பார்த்தபடி, கழித்தலைத் தருகிறது.