குழந்தைத் தூக்க ஆலோசகர்: பணம் கட்டும் முன் கவனியுங்கள்

ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே, பிள்ளையைத் தூங்கவைக்கத் திட்டம் போட்டுத் தரும் ஆலோசகரைப் பெற்றோர் மறு கையில் போனில் தேடி, அப்போதே பணமும் கட்டிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எந்த முடிவும் வேண்டாம். விடியட்டும்.

'ஸ்லீப் கன்சல்டன்ட்' என்று போட்டுக்கொள்ள நம் நாட்டில் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. சில வார ஆன்லைன் வகுப்பு முடித்தவரும் அதுதான், பல வருடம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த நர்ஸும் அதுதான். எங்கே படித்தார், எதைக் கண்டால் டாக்டரிடம் அனுப்புவார் என்று கேளுங்கள். இரண்டாவதற்குத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெரிய தவறு, டாக்டரைப் பார்க்காமல் நேரே ஆலோசகரிடம் போவது. தினமும் குறட்டை, வாயைத் திறந்தபடி தூக்கம், தலையைப் பின்னால் சாய்த்துப் படுப்பது இதெல்லாம் இருந்தால் டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ வீங்கி மூச்சு அடைபடலாம். இரும்புச்சத்து குறைந்தாலும் சில குழந்தைகள் இரவெல்லாம் காலை உதைத்துப் புரளும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதைத் தூக்க அட்டவணை போட்டுச் சரிசெய்ய முடியாது.

மூன்று மாதக் குழந்தை 'விடிய விடியத் தூங்க கேரண்டி' என்பவரையும் நம்பாதீர்கள். அந்த வயதில் பசிக்கு எழுவது இயல்பு. ஒரு நாளைக்குத் தேவையான தூக்கம், 4 முதல் 12 மாதம் வரை பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம், 1 முதல் 2 வயதில் 11 முதல் 14. உங்கள் பிள்ளை எப்போது, எவ்வளவு தூங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறரை வரை தூளியில் தூங்கிய பிள்ளை ஒன்பதுக்கு எப்படிப் படுக்கும்?

அடுத்து, வீட்டு நிலவரத்தைச் சொல்லாமல் விடுவது. பல திட்டங்கள் தனி அறை, தனிக் கட்டில் என்று எழுதப்பட்டவை. உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே அறை, அப்பா வர இரவு பத்து என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'ஐந்து நிமிடம் அழட்டும்' என்பது, பாட்டி இரண்டாவது நிமிடத்தில் தூக்கிக்கொள்ளும் வீட்டில் ஓடாது. பாட்டி மேல் தப்பில்லை, அவரைக் கேட்காமல் போட்ட திட்டம் அது. ஒருநாள் விடுவது, ஒருநாள் தூக்குவது என்று போனால் இன்னும் மோசம்: நீளமாக அழுதால் காரியம் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

தூக்கம் வரவைக்க மெலடோனின் (தூக்க ஹார்மோன்) மிட்டாய், சளி சிரப் என்று ஆலோசகர் ஆரம்பித்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மற்றபடி எத்தனை அழைப்பு, வாட்ஸ்அப்பில் எத்தனை நாள் பதில், நடுவில் காய்ச்சல் வந்தால் அந்த நாட்களைத் தள்ளிவைப்பார்களா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு பணம் அனுப்பலாம்.