பழைய வெல்டிங் மெஷினின் கைப்பிடி இறுகிப்போனால்

ஆம்பியர் கூட்டக் குறைக்கச் சுழற்றும் கைப்பிடி இறுகிவிட்டால், பிளம்பர் ரெஞ்ச் போட்டு முறுக்காதீர்கள். உள்ளே நகர்ந்து ஆம்பியரை மாற்றும் ‘கோர்’ என்ற இரும்புக் கட்டையை ஒரு நீண்ட திருகுதண்டு இழுக்கிறது. தண்டு வளைந்தால் வேலை பெரிதாகிவிடும். பெரும்பாலும் காரணம் எளியது: கிரைண்டிங் தூள் பழைய கிரீஸில் கலந்து, சூட்டில் காய்ந்து கெட்டியாகியிருக்கும்.

மெயின் சுவிட்சை அணைத்து, சப்ளை வயரையும் கழற்றுங்கள். மூடியைத் திறந்து, தண்டின் மரைகளை வயர் பிரஷ்ஷால் தேயுங்கள். உதிரும் துகள் கம்பிச் சுருளான காயிலில் விழாமல் துணியால் மூடுவது முக்கியம். இரும்புத் தூள் காயிலின் இன்சுலேஷனைக் கெடுத்து ஷார்ட் ஆக்கும். மண்ணெண்ணெயைத் தெளிக்கவேண்டாம், துணியில் நனைத்துத் துடையுங்கள். பிறகு தண்டு ஓடும் நட்டின் இரு பக்கமும் இரண்டு மூன்று சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அசைத்து அசைத்து விடுவியுங்கள்.

இளகியதும் எண்ணெயைத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸை மரையிலும் கோர் சறுக்கும் தடத்திலும் மெல்லியதாகத் தடவி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஐந்தாறு முறை ஓட்டுங்கள். கிரீஸ் அதிகமானால் மறுபடி தூளைத்தான் சேர்க்கும்.

கோரை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங், பட்டை இருந்தால் அதைத் தளர்த்தி இலகுவாக்கப் பார்க்காதீர்கள். கோர் அதிர்ந்து இரைச்சல் வரும், வெல்டிங்கின்போது ஆம்பியரும் தானாக நகரும்.

கைப்பிடி மட்டும் சுற்றி, ஆம்பியர் காட்டும் முள் நகராவிட்டால், கைப்பிடியைத் தண்டோடு இணைக்கும் பின் (pin) அறுந்திருக்கும் அல்லது நட்டின் மரை தேய்ந்திருக்கும். மரை தேய்ந்த நட்டை மாற்றத்தான் வேண்டும். மண்ணெண்ணெய் முழுதும் உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.