கிழமைக்கு ஒரு குறுக்குவிசை

சுன்னாகத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வெங்காய வரவு, செலவு எல்லாம் எக்செலில்தான். தொடக்கத்தில் ஐம்பது குறுக்குவிசைகளைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

பிறகு தாளைக் கழற்றிவிட்டு, எந்த வேலை என்னை அதிகம் மினக்கெடுத்துகிறது என்று பார்த்தேன். திகதி அடிப்பது. கொன்ட்ரோலோடு அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய திகதி விழும். அந்தக் கிழமை முழுக்க அது ஒன்று மட்டும். மறந்துபோய்க் கையால் அடித்துவிட்டால், அழித்துவிட்டு விசையால் மறுபடி போட்டேன். விரலுக்குப் பழகியது அப்படித்தான்.

அடுத்தது எஃப் 4. கிலோ விலை பி 1 கட்டத்தில் இருக்கும். சூத்திரத்தைக் கீழே இழுத்தால் அதுவும் பி 2, பி 3 என்று நகர்ந்து தொகை பிழைக்கும். சூத்திரத்தில் பி 1 ஐ எழுதியவுடனே எஃப் 4 ஐத் தட்டினால் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டொலர் குறி விழும். பிறகு கட்டம் அசையாது. இன்னொரு தட்டுக்கு நிரை மட்டும் பூட்டும், மூன்றாவதுக்கு நிரல் மட்டும். என் மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அது தெரியாமல் இரண்டு நாள் போனது.

சரி, மற்றவை சுகம். அல்ட்டோடு சமக்குறி கூட்டித் தரும். கொன்ட்ரோலோடு டி (D), மேல் கட்டத்தில் உள்ளதைக் கீழே இறக்கும்.

இப்போது தங்கச்சிக்கும் இப்படியே சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கிழமை அவளுக்குத் திகதி.