தேற்றத்தில் ‘எனில்’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதைப் படியுங்கள்

தமிழில் எழுதிய ஒரு தேற்றத்தை எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் நடுவில் ‘எனில்’ என்றொரு சொல் நிற்கும். அதற்கு முன்னால் இருப்பது நிபந்தனை, பின்னால் இருப்பது முடிவு. நாம் மனப்பாடம் செய்வது பின்பாதியைத்தான். இயற்கணிதத்தில் தவறான விடை வரும் பல இடங்களில் கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகவே இருக்கும். முன்பாதியைப் பார்க்காமல் தேற்றத்தைப் பயன்படுத்தியதுதான் தவறு.

√4 × √9 = √36 = 6 என்பது சரி. அதே பழக்கத்தில் √(−4) × √(−9) என்பதற்கும் 6 என்று எழுதினால் தவறு. முதல் மூலம் √(−1)-இன் 2 மடங்கு, அடுத்தது அதன் 3 மடங்கு. பெருக்கினால் 6 × (−1), அதாவது −6. விதியின் தொடக்கத்திலேயே ‘இரு எண்களும் குறை எண்கள் அல்ல எனில்’ என்று இருந்தது. அதைத்தான் விட்டுவிட்டோம்.

மீதித் தேற்றம்: எந்த எண்ணைப் பதிலிடுவது?

ஒரு கோவையை முதற்படிக் கோவையால் வகுத்தால் வரும் மீதியை, வகுக்காமலே ஓர் எண்ணைப் பதிலிட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பது மீதித் தேற்றம். தெரியாத எண்ணை ‘ய’ என்று குறிப்போம். ய³ − 4ய + 1 என்பதை ய + 3 ஆல் வகுத்தால் மீதி என்ன? அவசரத்தில் 3-ஐப் பதிலிட்டால் 16 வரும். பதிலிட வேண்டிய எண் வகுக்கும் கோவையைப் பூச்சியமாக்க வேண்டும். இங்கே அது −3. அப்போது −27 + 12 + 1 = −14. வகுத்தி 2ய − 1 என்றால் 1 அல்ல, ½.

வகுத்தி ய² − 1 போல இரண்டாம் படியில் இருந்தால் மீதி ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை, அது முதற்படிக் கோவையாகவும் வரலாம். அதே ய³ − 4ய + 1-இல் 1-ஐப் பதிலிட்டால் −2, −1-ஐப் பதிலிட்டால் 4. இரண்டு மதிப்புகளுக்கும் பொருந்தும் மீதி −3ய + 1. இரண்டில் ஒன்றை மட்டும் கண்டுபிடித்து அதையே மீதி என்று எழுதிவிடக் கூடாது.

விகிதமுறு மூலத் தேற்றம் தருவது பட்டியல் மட்டுமே

கெழுக்கள் முழு எண்கள் எனில், சமன்பாட்டின் விகிதமுறு மூலம் (பின்னமாக எழுதக்கூடிய தீர்வு) எதுவானாலும், அது மாறிலியின் ஒரு காரணியை முதல் கெழுவின் ஒரு காரணியால் வகுத்த எண்ணாகவே இருக்கும் என்பது இந்தத் தேற்றம். இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். முதலாவது, பட்டியலில் உள்ளவை எல்லாம் மூலங்கள் என்று நினைப்பது. 2ய³ − 3ய² − 8ய − 3 = 0 என்ற சமன்பாட்டில் மாறிலியின் காரணிகளை முதல் கெழுவின் காரணிகளால் வகுத்தால் ±1, ±3, ±½, ±3/2 என எட்டு எண்கள் கிடைக்கும். அவற்றில் மூலங்கள் 3, −1, −½ ஆகிய மூன்று மட்டுமே. மீதி ஐந்தும் சோதித்துத் தள்ள வேண்டியவை.

இரண்டாவது தவறு இன்னும் மோசமானது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. தேற்றம் ‘கெழுக்கள் முழு எண்கள் எனில்’ என்று தொடங்குகிறது. ய² − (5/2)ய + 1 = 0 என்பதற்கு அப்படியே பயன்படுத்தினால் பட்டியலில் ±1 மட்டும் வரும். இரண்டுமே பொருந்தாது, ‘விகிதமுறு மூலமே இல்லை’ என்று முடித்துவிடுவோம். முதலில் 2 ஆல் பெருக்கி 2ய² − 5ய + 2 = 0 என்று மாற்றினால் பட்டியல் ±1, ±2, ±½ என்று விரியும்; மூலங்கள் 2, ½ இரண்டும் அதிலேயே இருக்கும்.

பட்டியலில் ஒன்றும் பொருந்தவில்லை என்றால், மூலமே இல்லை என்று எழுதாதீர்கள். ய² − 2 = 0 என்பதில் ±1, ±2 நான்கும் பொருந்தாது. அதனால் தெரிவது, இதன் மூலங்கள் விகிதமுறு எண்கள் அல்ல என்பதுதான். √2 விகிதமுறா எண் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் கிடைப்பது அரிது.

பெருக்கினால் பூச்சியம்

ய² = 3ய என்பதில் இருபுறமும் ய-ஐ அடித்துவிட்டால் 3 மட்டும் மிஞ்சும், 0 என்ற மூலம் காணாமல் போகும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து ய(ய − 3) = 0 என்று காரணிப்படுத்துவதே பாதுகாப்பு. (ய − 2)(ய − 3) = 6 என்று வந்தால் ஒவ்வொரு காரணியையும் 6-க்குச் சமப்படுத்துவது வீண்; அந்த விதி பூச்சியத்துக்கு மட்டும்தான்.

பூச்சியத்துக்கும் எங்கும் பொருந்தாது. 8 ஆல் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துக் கணக்கிடும்போது 2 × 4 = 0. அங்கே ய² = 1 என்பதற்கு 1, 3, 5, 7 என நான்கு மூலங்கள்: 1, 9, 25, 49 எல்லாமே 8 ஆல் வகுத்தால் மீதி 1. இரண்டாம் படிக்கு இரண்டு மூலங்களுக்கு மேல் இருக்காது என்ற தேற்றத்தின் நிரூபணத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘பெருக்கற்பலன் பூச்சியம் எனில் ஒரு காரணியாவது பூச்சியம்’ என்ற வரி அதில் இருக்கும். இங்கே உடைந்தது அந்த வரிதான். நிரூபணத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு நிபந்தனையும் எந்த வரியில் பயன்படுகிறது என்று அடிக்கோடிட்டு வையுங்கள். பயன்படாத நிபந்தனை இருப்பதாகத் தோன்றினால், எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொண்டு மறுபடி படிக்கலாம்.

மறுதலை தனியாக நிரூபிக்கப்பட வேண்டியது

மறுதலை என்பது தேற்றத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் இடம்மாற்றிய கூற்று. குலம் என்பது, எந்த இரண்டு உறுப்புகளைச் சேர்த்தாலும் விடை உள்ளேயே கிடைக்கும், ஒவ்வொன்றையும் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் முடியும் ஒரு தொகுப்பு; அதற்குள்ளேயே தனிக் குலமாக நிற்கும் பகுதி உட்குலம்; உறுப்புகளின் எண்ணிக்கைக்கு வரிசை என்று பெயர். முடிவுள்ள குலத்தின் உட்குலம் எனில், அதன் வரிசை குலத்தின் வரிசையை வகுக்கும். இது லெக்ராஞ்சியின் தேற்றம். வகுக்கும் ஒவ்வோர் எண்ணுக்கும் உட்குலம் உண்டு என்று அது சொல்லவில்லை. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டிரண்டு பொருள்களை இரட்டைப்படை முறை இடம்மாற்றிப் பெறுபவை) 12. அவை ஒரு குலம். 6 என்பது 12-ஐ வகுக்கிறது, ஆனால் 6 வரிசையுள்ள உட்குலம் அங்கே இல்லை.

காரணம் சிறியது, ஒருமுறை கையால் எழுதிப் பார்க்கலாம். அப்படி ஓர் உட்குலம் இருந்தால் அது குலத்தில் சரிபாதி. குலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் உட்குலத்துக்குள் எல்லா உறுப்புகளின் வர்க்கங்களும் விழுந்தாக வேண்டும். இந்தக் குலத்தில் ஒரு பொருளை அசைக்காமல் மற்ற மூன்றைச் சுழற்றும் மாற்றங்கள் 8. மூன்று முறை செய்தால் பழைய நிலைக்கே திரும்புவதால், அத்தகைய ஒவ்வொரு மாற்றமும் தன் நான்காம் அடுக்குக்குச் சமம்; அதாவது இன்னொன்றின் வர்க்கம். ஆக 8 உறுப்புகளும் 6 இடங்களுக்குள் அடங்க வேண்டும். முடியாது. வகுக்கும் எண் பகா எண் என்றால் அந்த வரிசையுள்ள உட்குலம் நிச்சயம் உண்டு. அதைச் சொல்வது கோஷியின் தேற்றம், லெக்ராஞ்சி அல்ல.

ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலும் இதே வழுக்கல். 2-ஐத் தவிர்த்த பகா எண் எனில், அதைவிட ஒன்று குறைவான எண்ணை 2-இன் அடுக்காக வைத்து, வருவதை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. மீதி 1 வந்ததால் அது பகா எண் என்று திருப்பிச் சொன்னால் 341-இல் சிக்கிக்கொள்வோம். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2³⁴⁰-ஐ 341 ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆனால் 341 = 11 × 31.

அணிகளில் ஒரு குறுக்குவழி

ஒவ்வொரு சதுர அணியும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டை நிறைவு செய்யும் என்பது கெய்லி–ஹாமில்டன் தேற்றம். அணியிலிருந்து அலகு அணியின் (மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0 உள்ள அணி) ய மடங்கைக் கழித்து, அதன் அணிக்கோவையை (சதுர அணியிலிருந்து கணக்கிடும் ஒரு மதிப்பு) பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் கிடைப்பதே அந்தச் சமன்பாடு. மாறியின் இடத்தில் அணியையே போட்டால் அணியிலிருந்து அணி போய்ப் பூச்சியம் வருகிறது, நிரூபணம் முடிந்தது என்று எழுதுவது செல்லாது. அணிக்கோவையின் மதிப்பு ஓர் எண், தேற்றம் சொல்வதோ அணிகளுக்கு இடையிலான சமன்பாடு. பயன்படுத்தும்போதும் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. முதல் நிரை 1, 2; இரண்டாம் நிரை 3, 4 என்ற அணிக்குச் சமன்பாடு ய² − 5ய − 2 = 0. அணியை இட்டு எழுதும்போது கடைசி 2 வெறும் எண்ணாக நிற்காது, அலகு அணியின் இரு மடங்காக மாறும். அணியின் வர்க்கத்தில் நிரைகள் 7, 10 மற்றும் 15, 22. அணியின் ஐந்து மடங்கில் 5, 10 மற்றும் 15, 20. கழித்தால் 2, 0 மற்றும் 0, 2.