கால் பார் ஐஸில் ஒரு யானை: வீட்டு முற்றத்தில் ஐஸ் சிற்பம்

சீனாவின் ஹார்பினில் டிசம்பர் மாதம் சோங்குவா ஆறு உறைந்ததும் அதையே கட்டி கட்டியாக அறுத்தெடுத்துக் கோட்டை எழுப்புகிறார்கள். ஜப்பானின் சப்போரோ விழா, 1950-இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பூங்காவில் செய்துவைத்த ஆறு பனிச் சிலைகளில் தொடங்கியது. இதையெல்லாம் போனில் பார்த்துவிட்டு "நாமளும் போவோமாப்பா?" என்று வீட்டில் நச்சரிக்கிறார்களா? பொங்கல் லீவில் ஒரு நாள் முற்றத்திலேயே செதுக்கிவிடலாம். அடைமழை ஓய்ந்து, வெயில் இன்னும் உறைக்காத நாட்கள் அவை.

முதலில் ஐஸ். பக்கத்து ஐஸ் கம்பெனியில் முந்தின நாளே சொல்லிவைத்து, விடியுமுன் கால் பார், அதாவது ஒரு முழு ஐஸ் கட்டியில் நாலில் ஒரு பங்கு, வாங்கிவிடுங்கள். முழுப் பாருக்கு ஆசைப்பட வேண்டாம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி இருந்தாலே சுமார் 26 கிலோ வரும், வழுக்கும் வேறு. உமியோ மரத்தூளோ போட்டு ஈரச் சாக்கில் சுற்றினால் வீடு வரை தாங்கும். இது மீனுக்குப் போடுகிற ஐஸ், பிள்ளைகள் ஒரு சில்லைக்கூட வாயில் வைக்கக் கூடாது.

பாரின் நடுவே வெள்ளையாக ஒரு தண்டு ஓடும். தகர அச்சுக்குள் தண்ணீர் நாலு பக்கமிருந்தும் உள்நோக்கி உறைவதால், காற்றும் உப்புகளும் நடுவுக்குத் தள்ளப்பட்டு அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. ஆறு மேலிருந்து கீழாக உறைவதால் அந்த ஐஸ் தெளிவாக இருக்கிறது. நமக்கு அந்த வெள்ளை சிலையின் வயிற்றுக்குள் அடங்கினால் போதும்.

வந்ததும் உளி வைக்காதீர்கள். வேப்பமர நிழலில், சாக்கு விரித்த பலகை மேல் நிறுத்திக் காத்திருங்கள். மேலே படிந்த வெள்ளைப் பூச்சு மறைந்து பளபளவென்று வேர்க்க ஆரம்பித்த பிறகுதான் தொட வேண்டும். கடும் குளிரில் இருக்கும்போதே தண்ணீர் ஊற்றினாலோ ஓங்கித் தட்டினாலோ குறுக்கே விரிசல் ஓடிவிடும்.

உருவம்? நெல்லையப்பர் கோயில் காந்திமதி யானை 2025 ஜனவரியில் இறந்துபோனதிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எதைச் செய்தாலும் யானைதான். செய்யலாம், ஆனால் உட்கார்ந்த யானை. தும்பிக்கை நெஞ்சோடு ஒட்டி இறங்க வேண்டும், காது தலையோடு படிந்திருக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருப்பது எதுவானாலும் நம்ம ஊர்ச் சூட்டில் அதுதான் முதலில் போகும். வாலை மறந்துவிடுங்கள்.

காகிதத்தில் வரைந்து ஐஸ் மேல் ஒட்டி, கோட்டின் மேலேயே ஆணியால் கீறுங்கள். மார்க்கர் ஈரத்தில் நிற்காது. பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் கீறல் நன்றாகத் தெரியும். பெரிய மூலைகளைப் பெரியவர்கள் பல் அகன்ற கைவாளால் அறுக்கட்டும். அப்புறம் ஓரங்குல உளியும் கொட்டாப்புளியும் (மரச் சுத்தியல்): உளியைச் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கமாக, சின்னச் சின்னச் சில்லாக. செங்குத்தாக அடித்தால் பிளந்துவிடும். எல்லோருக்கும் கண்ணாடி, கம்பளிக் கையுறை, அதன் மேல் ரப்பர் உறை கட்டாயம். பிள்ளைகளுக்கு உளி வேண்டாம். முரட்டு அரத்தால் முதுகை உருட்டும் வேலையைக் கொடுங்கள், அதுவே ரொம்ப நேரம் ஓடும். ஆச்சியை மட்டும் தள்ளி நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள், தரை முழுக்க வழுக்கும்.

காது உடைந்ததா? விழுந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு முகத்தையும் தட்டையாகத் தேய்த்து, நனைத்து, அழுத்திப் பிடியுங்கள். மூன்று பங்கு ஐஸ் தூளுக்கு ஒரு பங்கு கல் உப்பைக் கலந்து பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒட்டின இடத்தைச் சுற்றி வையுங்கள். அந்தக் கலவை பூஜ்ஜியத்துக்கும் நன்றாகக் கீழே இறங்கும், கொஞ்ச நேரத்தில் காது பிடித்துக்கொள்ளும். பை ஓட்டையாக இருந்தால் உப்பு யானையையே அரித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மெருகு போடத் தனி வேலை இல்லை. குளிர் நாடுகளில் தீ காட்டி உளித் தழும்பை மறைக்கிறார்கள்; இங்கே ஒரு செம்புத் தண்ணீரும் இளவெயிலும் சேர்ந்து அதைச் செய்துவிடும். மினுங்கியதும் உடனே நிழலுக்குள் இழுத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் வருகிற சொந்தக்காரர்களுக்கு அது யானை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

உருகுகிற தண்ணீர் செடிக்குப் போகட்டும். அந்த உப்புப் பையை மட்டும் வாழை மூட்டில் கொட்டாமல் சாக்கடையில் ஊற்றுங்கள்.