பழைய கம்ப்யூட்டருக்கு கார்டு போடலாமா, பெட்டியையே மாற்றலாமா?

"அண்ணே, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருகிட்டா கேம் ஓடிரும்ல?" சித்தப்பா பையன் போனில் கேட்டான். அவனிடம் இருப்பது ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, மினி டவர். ஐ5-4590 ப்ராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், கேமின் படத்தை வரையும் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. செகண்ட் ஹேண்டில் இந்த மாதிரிப் பெட்டிகள்தான் நிறையப் புழங்குகின்றன. அதனால் அவனுக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கேயும் சொல்கிறேன். எந்தக் கார்டு வாங்குவது என்பது கடைசியில் வர வேண்டிய கேள்வி.

படி 1: எது திணறுகிறது?

கேமை ஓடவிட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போங்கள். ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 95 சதவீதத்துக்கு மேலேயே நின்று, சிபியு (ப்ராசஸர்) சாவகாசமாக இருந்தால் கார்டுதான் பிரச்சினை. ஜிபியு 50, 60 சதவீதத்தில் சும்மா இருக்க, கேம் மட்டும் விட்டுவிட்டு ஓடினால் ப்ராசஸரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டு போட்டாலும் காசு வீண்.

சிபியு காட்டும் மொத்த சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாலு கோர் ப்ராசஸரில் ஒரு கோர் முழுசாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் 25 சதவீதம்தான் சேரும். கிராஃபின் மேல் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் சந்தேகமா? கேமின் ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். வேகம் நன்றாக ஏறினால் கார்டு மாற்றினால் பலன் உண்டு. அதே வேகம்தான் என்றால் குற்றவாளி ப்ராசஸர்.

படி 2: எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) லேபிளைப் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. பவரை ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் +12வி என்ற கட்டத்தைத் தேடுங்கள். அதில் 16ஏ (ஆம்பியர்) என்றிருந்தால் 12×16, அதாவது 192 வாட். ப்ராசஸரும் கார்டும் பெரும்பாலும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். பெட்டிக்கு வெளியே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தாலும் இந்தக் கணக்குதான் செல்லும்.

மதர்போர்டில் கார்டைச் சொருகும் பிசிஐஇ ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குமேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் வயர் இன்னொரு 75 வாட் தரும், 8 பின் 150 தரும். ஆப்டிபிளெக்ஸ் 7020 மினி டவரில் இருப்பது 290 வாட் எஸ்எம்பிஎஸ். கார்டுக்கென்று தனி வயர் கிடையாது. மோலக்ஸ் என்ற பழைய நாலு பின் வயரை 6 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டரைக் கடையில் நீட்டுவார்கள். வேண்டவே வேண்டாம்.

"சரி, எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திடறேன்" என்றான். இந்தப் பெட்டியில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டர் வழக்கமான 24 பின் இல்லை, 8 பின். சாதாரண எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது. ஆக, வெளி வயர் கேட்காத கார்டுகள் மட்டும்தான் நமக்கு மிச்சம்.

படி 3: ப்ராசஸரின் வயது

விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தியவை வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஐ5-4590 நாலாம் தலைமுறை. அதில் கார்டு போடுவது வாடகை வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டுகிற கதை. ஆனால் ஒன்று, கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். டிடிஆர்3 ரேம் புதிய பெட்டியில் பொருந்தாது, அப்படிக் கொண்டுபோக முடியாது. அதனால் ரேமுக்குச் செலவு செய்யாதே என்று சொல்லிவிட்டேன்.

படி 4: முடிவு

என் கணக்கு எளிது. கார்டு மட்டும் போதுமென்றால் வாங்குங்கள். கூடவே இன்னொன்றும் மாற்ற வேண்டுமென்றால் யோசியுங்கள். எஸ்எம்பிஎஸ், ரேம் என்று இரண்டு சேர்ந்துவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். 8-ஆம் தலைமுறைக்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள்.

கார்டு என்று முடிவானால், வெளி வயர் கேட்காதவற்றில் பார்க்க வேண்டியவை இவை. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் 70 வாட். 8 ஜிபி மாடல் அதிகம் கேட்கும், பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஜிடிஎக்ஸ் 1650 75 வாட். அதிலும் சில கம்பெனி மாடல்களில் 6 பின் இருக்கும், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6400 53 வாட்தான், ஆனால் நாலே லேன் (டேட்டா போகும் பாதை) பயன்படுத்துவதால் பழைய பிசிஐஇ 3.0 போர்டில் வேகம் குறையும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவு. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. செகண்ட் ஹேண்டில் அதே பெயரை ஒட்டிய போலிக் கார்டுகளும் உண்டு. கார்டின் உண்மையான விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுக் காசு கொடுங்கள்.

தம்பி 3050 வாங்கினான், அடுத்த பெட்டிக்கும் ஆகுமே என்று. மறுநாள் போன். "அண்ணே, ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு, கார்டு டெட்டு." வீடியோ காலில் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். மானிட்டரின் நீல விஜிஏ வயர் பழையபடி மதர்போர்டில்தான் இருந்தது. கார்டில் விஜிஏ ஓட்டையே கிடையாது, அவன் மானிட்டரில் அதைத் தவிர வேறு ஓட்டை இல்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி வந்து மாட்டிய பிறகுதான் படம் வந்தது. நீங்கள் கடைக்குக் கிளம்பும் முன்னாலேயே மானிட்டரின் பின்பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.